ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஹெட் கிளார்க் என் கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் கொடுத்தார். 'பெய்டு அண்டு கேன்சல்டு' என்று அதில் இருந்தது. பணம் கொடுத்து முடித்த ஒவ்வொரு வவுச்சரிலும் அதைக் குத்த வேண்டும். "எதற்கு சார், கணக்கில்தான் ஏறிவிட்டதே?" என்று கேட்டேன். "இந்த முத்திரை இல்லாவிட்டால் இதே பில் ஆறு மாதம் கழித்து வேறு ஃபைலில் ஏறி வரும் தம்பி. நீயும் நம்பிப் பணம் கொடுத்துவிடுவாய். ஆடிட்டில் மாட்டும்போது உன் சம்பளத்தில் பிடிப்பார்கள்" என்றார்.

புதுச்சேரி அரசில் 37 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தேன். அந்த நாட்களில் எத்தனை ஆயிரம் தடவை அந்த முத்திரையைக் குத்தியிருப்பேனோ தெரியாது. கை தன்னால் போகும். ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இந்த ஓடைப்பட்டிக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இங்கே வந்த பிறகு அந்த முத்திரையின் நினைப்பு எனக்கு ஒரே ஒரு தடவைதான் உறைக்கிற மாதிரி வந்தது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு பெண். பக்கத்து ஊர். எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன். காரணம் பின்னால் புரியும். பந்தலுக்குக் கீழே குனிந்து குலை வெட்டுவது, அழுகினதைக் கழித்துப் பெட்டியில் அடுக்குவது என்று காலையில் வந்தால் மதியம் தாண்டித்தான் திரும்புவாள். கணவன் கம்பம் பக்கமிருந்து ஜீப் ஏறிக் கேரள ஏலத்தோட்டத்துக்குப் போகிறவன். என் மனைவியிடம் பழக்கம். வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள்.

2024 ஏப்ரல் கடைசியில் வந்தாள். "ஐயா, தனியார் பள்ளிக்கூடத்துல ஓசியாச் சேத்துக்குறாகளாமே, எம்மகனுக்கு எழுதிப் போட முடியுமா?" என்றாள். பையனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஆர்.டி.இ. என்று எல்லோரும் சொல்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் சேர்க்கை அது.

இந்தச் சட்டத்தை நம் வயதுக்காரர்கள் பலரும் காதால் கேட்டிருப்போமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று படித்திருக்க மாட்டோம். சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் தங்கள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை அக்கம்பக்கத்து நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி. நடத்துகிற பள்ளி என்றால் எல்.கே.ஜி.யிலிருந்தே. எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. பள்ளிக்கு நஷ்டம் வரக் கூடாது என்பதற்காக 12(2) பிரிவு வைத்திருக்கிறார்கள். அரசு ஒரு பிள்ளைக்குச் செலவு செய்யும் தொகை, பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். தனியார் பள்ளிகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயின. 2012 ஏப்ரல் 12ஆம் தேதி சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஏழெட்டாயிரம் தனியார் பள்ளிகள் இதற்குள் வருகின்றன.

அந்தப் பெண்ணுக்காக நான் இ-சேவை மையத்துக்கு நான்கு நடை நடந்தேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், ஆதார், இருப்பிடச் சான்று. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி. எல்லாம் சரியாக இருந்தது. விண்ணப்பம் அதிகம் என்பதால் மே கடைசியில் பள்ளியிலேயே குலுக்கல் வைத்தார்கள். பையன் பெயர் வந்தது. மறுநாள் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயோடு வந்து நின்றாள். "எங்க வீட்டுலேயே இங்கிலீசு பள்ளிக்கூடம் போற மொத ஆளுய்யா இவென்" என்றாள்.

ஜூன் இரண்டாவது வாரம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் மிட்டாய் இல்லை. நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் இருந்தது. பள்ளியின் பெயர் அச்சடித்த தாள் கூட இல்லை. அதில் பேனாவால் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

புத்தகம், நோட்டு: 3,200. யூனிபார்ம் இரண்டு செட்: 1,800. ஷூ, டை, பெல்ட்: 650. ஸ்மார்ட் கிளாஸ்: 1,200. ஆக்டிவிட்டி: 1,000. ஆண்டு விழா: 500. இதர: 850. மொத்தம்: 9,200 ரூபாய்.

"ஓசின்னுதானய்யா சொன்னாக. இப்ப இம்புட்டுக் கேக்குறாக. கட்டலைன்னா பிள்ளைய வகுப்புல உக்கார வைக்க மாட்டோம்னு சொல்லலய்யா. 'எல்லாப் பிள்ளையும் புத்தகத்தோட இருக்கும், உங்க பையன் மட்டும் சும்மா இருக்கும், பரவாயில்லையா'ன்னு கேட்டாக."

அன்றைக்கு அவள் கூலி 350 ரூபாய். 9,200 ரூபாய் என்றால் 26 நாள் கூலி, மேற்கொண்டு 100 ரூபாய். மூன்று வயதுப் பிள்ளையின் ஆண்டு விழாவுக்கும் 'இதர'வுக்கும் சேர்த்துத்தான்.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு அந்த ரப்பர் ஸ்டாம்ப்தான் ஞாபகம் வந்தது. இந்தப் பையனின் இடம் ஓசி இடமே இல்லை. அதுதான் முதலில் நாம் எல்லோரும் திருத்திக்கொள்ள வேண்டிய தப்பு. அந்த இடத்துக்கு விலை உண்டு. அந்த விலையை அரசு கொடுக்கிறது. அரசு கொடுக்கிறது என்றால், தீப்பெட்டியிலிருந்து டீத்தூள் வரை வாங்கும்போது இந்தப் பெண்ணும் கட்டுகிற வரியிலிருந்து கொடுக்கிறது. ஒரு தடவை பணம் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பில்லைத்தான் ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, இதர என்று பெயர் மாற்றி மறுபடி அவளிடம் நீட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு காண்ட்ராக்டர் இப்படிச் செய்திருந்தால் கறுப்புப் பட்டியலில் போட்டிருப்போம். நர்சரிப் பள்ளி செய்தால் அதற்கு 'ஸ்கூல் ஃபீஸ்' என்று பெயர்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியம். ஐம்பதுகளின் கடைசி. ஊர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது, பள்ளிக்கூடம் மட்டும் பழைய மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. வருஷ ஆரம்பத்தில் மேஜை மேல் புத்தகங்கள் அடுக்கியிருக்கும். முன் அட்டையின் உள்பக்கம் அந்தப் புத்தகத்தை எங்களுக்கு முன் வைத்திருந்த பையன்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். கடைசியில் நம் பெயரை எழுத வேண்டும். வருஷக் கடைசியில் கிழிக்காமல் திருப்பித் தர வேண்டும். என் அப்பா ஒரு சின்னக் கடையில் கணக்கு எழுதியவர். பக்கத்தில் உட்கார்ந்தவனின் அப்பா வக்கீல். இரண்டு பேர் பெயரும் அடுத்தடுத்த வரியில் இருந்தது. 'கிராத்துய்' என்ற பிரெஞ்சுச் சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர், அதற்கு ஓசி என்று அர்த்தம் சொல்லவில்லை. "எல்லோரும் சேர்ந்து ஏற்கெனவே கொடுத்துவிட்டது" என்றுதான் சொன்னார். பிரான்சில் ழூல் ஃபெரி என்ற மந்திரி 1881இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை ஒழித்தபோது கொண்டுவந்த சட்டத்தில் இருக்கும் சொல் அது. நாம் அதை 'இலவசம்' என்று மொழிபெயர்த்தோம். பேச்சில் அது ஓசியாகி, ஓசியில் வாங்குகிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்றும் ஆகிவிட்டது.

சரி, புத்தகமும் சீருடையும் கட்டணத்தில் சேருமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சட்டத்தின் 3ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியைத் தொடரவும் முடிக்கவும் தடையாக இருக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது என்கிறது. 'கட்டணம்' என்பதோடு நிறுத்தாமல் 'செலவு' என்றும் எழுதியிருக்கிறார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. ஆர்.டி.இ.யில் சேர்ந்த ஒரு பையனிடம் புத்தகம், நோட்டு, சீருடைக்கு என்று பதினோராயிரத்துச் சொச்சம் கேட்டிருந்தார்கள். இந்தச் செலவுகளையும் அரசுதான் ஏற்க வேண்டும், பிள்ளையிடம் கேட்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசீது கொடுக்காமல் வாங்குகிற 'இதர'வுக்கு அதைவிடக் கடுமையான பெயர் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அது நன்கொடைக் கட்டணம். 13ஆவது பிரிவின்படி, வாங்கியதைப் போல பத்து மடங்கு வரை அபராதம் போடலாம். 850 ரூபாய்க்கு 8,500 ரூபாய்.

நான் அந்தப் பள்ளிக்குப் போனேன். தாளாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். உட்கார வைத்து டீ கொடுத்தார். பென்ஷன்காரன், வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல் என்றால் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. அவர் சொன்னதையும் நான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கத் தீர்ப்பாகிவிடும்.

"சார், அரசாங்கம் சொல்லும், கொடுக்காது. இரண்டு வருஷப் பாக்கி நிற்கிறது. கொடுக்கிற தொகையும் எங்கள் செலவுக்குக் காணாது. டீச்சருக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் கொடுக்கணும். கரண்ட் பில்லை அரசாங்கம் தள்ளி வைக்குமா? இந்தப் பிள்ளைகள் கால்வாசி. கால்வாசி இடத்துக்குப் பணம் வராமல் நான் எப்படிப் பள்ளி நடத்துவேன்?"

இதில் பொய் கிடையாது. அரசு பில் எப்படி ஊறும் என்று எனக்குத் தெரியாதா? நானே ஊற வைத்திருக்கிறேன். சின்னப் பள்ளிகளுக்கு அது பெரிய கஷ்டம். அதற்கு அடுத்த வருஷம் நடந்ததை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதால் மத்திய அரசு சமக்ர சிக்ஷா பணத்தை நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2,000 கோடிக்கு மேல் வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நடுவில் 2025ஆம் வருஷ ஆர்.டி.இ. சேர்க்கை உரிய நேரத்தில் தொடங்கவே இல்லை. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இந்தப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று மத்திய அரசுக்கும், பணம் வரவில்லை என்று உன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று மாநில அரசுக்கும் சொன்னது. கடைசியில் பணம் வந்து, அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது. அதற்குள் காலாண்டுப் பரீட்சையே முடிந்துவிட்டது. இரண்டு யானைகள் சண்டை போட்டதில் நசுங்கியது மூன்று வயதுப் பிள்ளைகள்.

ஆனால் தாளாளரிடம் நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. "அரசு பாக்கி வைத்தால் அரசிடம் கேளுங்கள். சங்கம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அரசின் பாக்கியைத் திராட்சை வெட்டுகிற பெண்ணிடம் எப்படி வசூலிப்பீர்கள்? நாளைக்கு அரசு அந்தப் பாக்கியைக் கொடுக்கும்போது இவளிடம் வாங்கியதைத் திருப்பித் தருவீர்களா?" அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எனக்கு அது போதும். பாக்கிக்காக வாங்குகிறேன் என்றால் அது கடன். கடனுக்குக் கணக்கு இருக்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும் நாள் இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் நோட்டுத் தாளில் எழுதி வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. என்னோடு வேலை பார்த்த நண்பரின் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்கு, ஒன்பது மாதம் முதல் பள்ளி வயது வரை, வாரத்துக்கு 30 மணி நேரம், வருஷத்துக்கு 38 வாரம் நர்சரிச் செலவை அரசு ஏற்கிறது. 2025 செப்டம்பர் முதல் இது முழுதாக வந்தது. நர்சரிகள் அரசு கொடுக்கும் மணிக் கட்டணம் காணவில்லை என்று சொல்லி, சாப்பாடு, டயாபர், க்ரீம் என்று தினமும் ஒரு தொகை சேர்த்து வாங்குகின்றன. இங்கே ஸ்மார்ட் கிளாஸ், அங்கே டயாபர், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அங்கே அரசு ஒன்று செய்தது. இந்த மேல்தொகை பெற்றோர் விரும்பினால் கொடுப்பது, கொடுத்தால்தான் இடம் என்று சொல்லக் கூடாது, பில்லில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று விதி வைத்தது. பிரான்சில் என் பெரியம்மா பேத்தி இருக்கிறாள். அங்கே மூன்று வயதிலிருந்து கல்வி கட்டாயம், அரசுப் பள்ளியில் வகுப்புக்குப் பைசா கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் பணம் உண்டு. பல ஊர்களில் அதுவும் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். எதற்கு வாங்குகிறோம், யாரிடம் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்தைத்தான் நான் இங்கே கேட்கிறேன்.

இந்த இடத்தில் நம் வாசகர்களில் சிலர் சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. "அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டியதுதானே? இங்கிலீஷ் மோகம்!" நானும் அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்டவன்தான். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தால் புத்தகம், நோட்டு, நான்கு செட் சீருடை, காலணி, மதியச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் இப்போது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் இருக்கிறது. அங்கன்வாடியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று 2019இல் 2,381 இடங்களில் தொடங்கினார்கள். அவள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. இருந்திருந்தால் என் ஓட்டும் அதற்குத்தான்.

ஆனால் இதை இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். இந்தப் பையன் தனியார் பள்ளியின் 25 சதவீத இடத்தில் உட்கார்ந்ததும், அரசுப் பள்ளியில் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய புத்தகமும் சீருடையும் இரண்டு வேளைச் சாப்பாடும் போய்விடுகின்றன. தனியார் பள்ளியும் தருவதில்லை, காசு கேட்கிறது. ஆக, சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவனே இரண்டு பக்கமும் இழக்கிறான். கடைசியில் அந்த இடத்தில் யார் நிலைக்கிறார்கள்? 9,200 கட்ட முடிந்தவர்கள். கட்ட முடியாதவர்கள் ஒரு வருஷத்தில், இரண்டு வருஷத்தில் சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள். பதிவேட்டில் "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று எழுதியிருக்கும். குலுக்கலில் ஏழையைத் தேர்ந்தெடுத்து, சிட்டையைக் காட்டி அவனை வெளியேற்றுகிற வேலை இது.

கதைக்கு வருகிறேன். நான் பேசிவிட்டு வந்த பிறகு ஸ்மார்ட் கிளாஸும் 'இதர'வும் அடிபட்டுப் போயின. 2,050 ரூபாய் குறைந்தது. மீதி 7,150. அதை நான்கு தவணையில் கட்டலாம் என்றார்களாம். எனக்குத் திருப்தி இல்லை. வெள்ளைத்தாளில் மனு எழுதினேன். மாவட்ட ஆட்சியருக்கு, நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. பிரிவு எண், தீர்ப்பு, தொகை, தேதி எல்லாம் போட்டு இரண்டு பக்கம். திங்கட்கிழமை தேனியில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிடலாம், பஸ் செலவு என்னுடையது என்றேன்.

அவள் மனுவை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். நிதானமாக எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேணாம்யா. நீங்க எழுதிக் கொடுத்துட்டு வந்துருவீக. நாளைக்குக் காலையில எம்பிள்ளைய நான் அங்கதான கொண்டுபோய் விடணும்?"

"தோட்டை அடகு வச்சிட்டேன்யா, கட்டியாச்சு" என்றும் சொன்னாள். தவணை கூட வேண்டாம், மொத்தமாகவே கட்டிவிட்டாளாம். பிள்ளையை யாரும் வேறு மாதிரிப் பார்க்கக் கூடாதே. ரசீது வாங்கினாயா என்று கேட்டேன். கேட்கப் பயமாக இருந்தது என்றாள்.

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. 37 வருஷம் சட்டமும் விதியும் படித்தவன், நான் எழுதிய மனுவில் ஒரு பிழை கிடையாது, ஆனால் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த விதியிலும் பதில் இல்லை. பாலில் விழுந்த ஈயை எடுத்துப் போடலாம். பிள்ளை யார் கையில் இருக்கிறதோ அவரோடு சண்டை போட முடியாது. இந்த மேல்கட்டணம் நடப்பதே அந்தப் பயத்தை நம்பித்தான். சிட்டையில் ஒரு வரி சேர்ப்பவருக்கு நன்றாகத் தெரியும், கையெழுத்துப் போட்டுக் கேள்வி கேட்க இவர்களில் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று.

அதனால் இதை அந்தப் பெண்ணின் தைரியத்துக்கு விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் வாதம். தைரியம் இல்லாதவருக்கும் கிடைத்தால்தான் அது உரிமை. செய்ய வேண்டியது மூன்று காரியம். மூன்றும் ஒரு சாதாரண கிளார்க் செய்யக்கூடியவைதான், மந்திரி தேவையில்லை.

ஒன்று, அரசு பாக்கியை அந்தந்தக் கல்வி ஆண்டுக்குள்ளேயே கொடுக்க வேண்டும். புத்தகம், நோட்டு, சீருடைத் தொகையையும் அதில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அல்லது அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கிற பொருளையே இந்தப் பிள்ளைக்கும் கொடுத்துவிட வேண்டும். பள்ளியின் புலம்பலுக்கு வாய்ப்பே தரக் கூடாது.

இரண்டு, ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் தமிழில் ஒரு பலகை. "ஆர்.டி.இ. மாணவர்கள் கட்ட வேண்டிய தொகை: இல்லை. யாராவது கேட்டால் தெரிவிக்க வேண்டிய எண்:" என்று இரண்டே வரி. நியாய விலைக் கடையில் இருப்பு விவரம் எழுதி வைப்பதில்லையா? அது மாதிரி. எழுதி மாட்டிவிட்டால் அந்தப் பெண் கேட்க வேண்டியதில்லை. பலகை கேட்கும்.

மூன்று, கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் பெற்றோரை நேரில் கேட்க வேண்டும். புகார் வரட்டும் என்று காத்திருப்பது ஆடிட் ஆகாது. எங்கள் ஆபீஸுக்கு ஆடிட் பார்ட்டி வந்தால் யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேட்க மாட்டார்கள். நேராக வவுச்சர் கட்டை அவிழ்ப்பார்கள். 25 பிள்ளைகள் இருந்தால் பத்துப் பெற்றோருக்கு போன் போட்டு, "எவ்வளவு கட்டினீர்கள்?" என்று பெயர் வெளியே வராமல் கேட்கட்டும். ஒரு மணி நேர வேலை.

இதெல்லாம் நடக்கும் வரை நாம் என்ன செய்வது? நம் வயதில் பலருக்குப் பேரன் பேத்திகள் வெளியூரில். பகல் முழுக்க நேரம் இருக்கிறது. அரசு வேலை பார்த்தவர்களுக்கு மனு எழுதத் தெரியும், எந்த மேஜைக்குப் போகும் என்றும் தெரியும். ஒரே பள்ளியில் ஆர்.டி.இ.யில் சேர்ந்த ஐந்தாறு குடும்பங்களை ஒன்றாக உட்கார வைத்து, ஒரே மனுவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒருத்தி கையெழுத்துப் போட்டால் அவள் பிள்ளையைக் குறி வைப்பார்கள். ஆறு பேர் போட்டால் எந்தப் பிள்ளையைக் குறி வைப்பது? அன்றைக்கு எனக்கு அந்த யோசனை வரவில்லை. நான் ஒற்றை மனு எழுதினேன். அது என் தப்பு. குலுக்கலில் வந்த மற்ற பிள்ளைகளின் வீட்டை விசாரித்திருக்க வேண்டும்.

பையன் இப்போது யு.கே.ஜி. இந்த வருஷமும் சிட்டை வந்தது, அவள் என்னிடம் காட்டவில்லை. என் மனைவியிடம் சொன்னாளாம், "ஐயா மனசு சங்கடப்படும்" என்று. தோடு இன்னும் மீட்கவில்லை.

மனு என் பீரோவில் மஞ்சள் கவரில் இருக்கிறது. அடுத்த சேர்க்கை வரும்போது, குலுக்கல் முடிந்த அன்றைக்கே பள்ளி வாசலில் நின்று, பெயர் வந்த எல்லாக் குடும்பத்தையும் பார்த்துப் பேசலாம் என்று இருக்கிறேன். வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வெள்ளைத்தாளும் பஸ் செலவும் என்னுடையது.